ரத்தம் கொடுத்த கேப்டன்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி மைதானத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதியவன் நான். ஊர் வேலூர். உங்களுக்குப் பிடித்த கிரிக்கெட் கேப்டன் யார் என்று கேட்டால் இன்றைய பிள்ளைகள் தோனி என்பார்கள். என் வயதுக்காரர்கள் கபில்தேவ் என்பார்கள். நான் பிராங்க் வொரெல் என்பேன். “அது யார் சார்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மேற்கிந்தியத் தீவுகள் என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் அவை கடல் பிரித்துவைத்த தனித்தனி ஊர்கள். அவற்றில் ஒன்று பார்படோஸ். நம் ஊர்க் கணக்கில் ஒரு தாலுகா அளவுதான் இருக்கும். 1924 ஆகஸ்ட் 1 அன்று வொரெல் அங்கே பிறந்தார். அடுத்த பதினெட்டு மாதத்துக்குள், அதே வட்டாரத்தில், எவர்டன் வீக்ஸும் கிளைட் வால்காட்டும் பிறந்தார்கள். மூன்று பேர் வீடும் கென்சிங்டன் ஓவல் மைதானத்துக்கு நடந்து போகும் தூரம். மூவரும் உலகத் தரமான பேட்ஸ்மேன்கள் ஆனார்கள். வொரெல் 51 டெஸ்டில் 3,860 ரன் எடுத்தார், 9 சதம். 1950-ல் நாட்டிங்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக 261. இடது கையால் பந்து வீசி 69 விக்கெட் வேறு.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் கேப்டனாக இருந்ததைப் பற்றி.

இந்தத் தீவுகள் சேர்ந்து ஆடும் மேற்கிந்தியத் தீவுகள் அணியில் பெரும்பாலும் கறுப்பினத்தவர் ஆடினாலும், கேப்டன் பதவி வெள்ளையருக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு கறுப்பினத்தவரை முழுத் தொடருக்குக் கேப்டனாக்க 1960 வரை கிரிக்கெட் வாரியத்துக்கு மனம் வரவில்லை. எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் விடாமல் எழுதினார். கடைசியில் வொரெலுக்குப் பதவி வந்தபோது அவருக்கு வயது 36. கால் தளரும் வயது. சரி, பதவியை விட்டுக்கொடுத்த ஜெரி அலெக்சாண்டர் என்ன ஆனார்? விக்கெட் கீப்பராக அதே அணியில், வொரெலுக்குக் கீழ் ஆஸ்திரேலியா போனார். அந்தத் தொடரில் அவருடைய பேட்டிங் சராசரிதான் அணியிலேயே அதிகம். முதல்தர ஆட்டத்தில் அவர் அடித்த ஒரே சதமும் அப்போது வந்ததுதான். பதவி போனவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் ஆடினார் என்றால், அதில் அலெக்சாண்டரின் பெருந்தன்மையும் இருக்கிறது, வொரெல் அவரை நடத்திய விதமும் இருக்கிறது.

இனி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960 டிசம்பர் 14, முதல் டெஸ்டின் கடைசி நாள், கடைசி ஓவர். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஓவருக்கு எட்டுப் பந்து. ஆஸ்திரேலியா ஜெயிக்க 6 ரன் வேண்டும், கையில் 3 விக்கெட் இருக்கிறது. பந்து வொரெல் அணியின் வெஸ் ஹால் கையில். ஆறடிக்கு மேல் உயரம், புயல் மாதிரி ஓடி வருவார். பவுன்சர், அதாவது தலைக்கு எழும்பும் பந்து, போடாதே என்று வொரெல் சொல்லியிருந்தார். முதல் பந்தில் ஒரு ரன். இரண்டாவது பந்து, ஹால் பவுன்சரே போட்டுவிட்டார்! அரைசதம் தாண்டி நின்ற ஆஸ்திரேலியக் கேப்டன் பெனோ அதை அடிக்கப் போய் அலெக்சாண்டரிடம் கேட்ச். அடுத்த இரண்டு பந்தில் இன்னொரு ரன். ஐந்தாவது பந்தை ஆஸ்திரேலியாவின் கிரௌட் உயரத் தூக்கி அடிக்கிறார். வொரெல் அணியின் கன்ஹாய் அதற்குக் கீழே சரியாக நிற்கிறார். ஹால் தானே ஓடிப் போய்ப் பிடிக்கப் பார்த்து நழுவவிட்டார். அதில் ஒரு ரன். மூன்று பந்து, மூன்று ரன்.

நான் பயிற்சி கொடுத்த அணிகளில் இப்படி ஒரு கேட்ச் போனால் என்ன நடக்கும் தெரியுமா? பத்துப் பேரும் ஒருவனைத் திட்டுவார்கள். அவன் அடுத்த பந்தை எங்கே போடுவான்? வொரெல் ஹாலைக் கடியவில்லை. அன்று களத்தில் இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: எல்லோரும் பதறினார்கள், கேப்டன் பதறவில்லை.

ஆறாவது பந்தை மெக்கிஃப் ஓங்கி அடித்தார். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஹன்ட் பாய்ந்து எடுத்து வீசினார். இரண்டு ரன் ஓடி மூன்றாவதுக்கு வந்த கிரௌட் ரன் அவுட். இப்போது இரண்டு அணியும் சமம். இரண்டு பந்து, ஒரு விக்கெட். நோபால் மட்டும் போட்டுவிடாதே, அப்புறம் நீ பார்படோஸ் மண்ணில் கால் வைக்க முடியாது என்று வொரெல் காதோரம் சொன்னதாக ஹாலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஏழாவது பந்தை கிளைன் தட்டிவிட்டு ஓட, ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்தார். அவர் கண்ணுக்கு ஒரே ஒரு ஸ்டம்ப்தான் தெரிந்திருக்கும். எறிந்தது ஸ்டம்பில் பட்டது, கடைசி விக்கெட்டும் போனது! டெஸ்ட் வரலாற்றில் முதல் டை. இரண்டு அணிக்கும் மொத்தம் 737 ரன்.

அந்தத் தொடரை வொரெல் அணி 2–1 என்று தோற்றது. ஆனாலும் கிளம்பும் நாளில் மெல்போர்ன் தெருக்களில் மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு வழியனுப்பினார்கள். தோற்ற அணிக்கு, அதுவும் வெளியூர் அணிக்கு! இரண்டு நாடும் ஆடும் தொடருக்கு அவர் பெயரிலேயே கோப்பை செய்தார்கள். டை ஆன டெஸ்டின் பந்து அந்தக் கோப்பையில் இருக்கிறது.

அடுத்தது நம் கதை. 1962. ஜனவரியில்தான் நம் சென்னையில் நாரி கான்ட்ராக்டர் தலைமையில் இந்தியா, இங்கிலாந்தை முதல்முறையாக ஒரு தொடரில் வென்று முடித்திருந்தது. சில வாரத்தில் அதே அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. மார்ச்சில், பார்படோஸ் அணியோடு ஓர் ஆட்டம். சார்லி கிரிஃபித் பந்து வீசுகிறார். பெவிலியனில் யாரோ சன்னலைத் திறந்தார்கள், ஒரு நொடி கவனம் சிதறியது என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். ஹெல்மெட் இல்லாத காலம். பந்து தலையில் பட்டு மண்டை உடைந்தது. அவசர அறுவை சிகிச்சை, ரத்தம் வேண்டும். கொடுத்தவர்களில் முதல் ஆள் எதிரணிக் கேப்டன் வொரெல். நம்மவர்களில் உம்ரிகர், போர்டே, நட்கர்னி ஆகியோரும் கொடுத்தார்கள்.

கான்ட்ராக்டர் பிழைத்தார். அப்புறம் அவர் மண்டையில் உலோகத் தகடு பொருத்தியவர் டாக்டர் சாண்டி. எங்கே? எங்கள் வேலூரில். அந்தத் தகட்டோடு அவர் மறுபடி முதல்தர ஆட்டம் ஆடினார். 2022-ல்தான், அறுபது வருடம் கழித்து, மும்பையில் அதை எடுத்தார்கள். எதிரணிக் கேப்டன் ரத்தம் கொடுத்துக் காத்த தலைக்கு எங்கள் ஊரில் தகடு வைத்தார்கள் என்பதை ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. 1963 இங்கிலாந்துப் பயணத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். தொடர் 3–1 என்று வெற்றி. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மறுபடியும் ஹால், மறுபடியும் கடைசி ஓவர். 38 வயது வொரெல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பேட்ஸ்மேனோடு போட்டிபோட்டு ஓடிப் போய் ரன் அவுட் செய்தார். கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த இங்கிலாந்தின் கவுட்ரி கடைசி ஆளாக இறங்கினார். ஆட்டம் டிரா. அத்தோடு அந்த வருடமே ஓய்வு, அடுத்த வருடம் சர் பட்டம்.

1966-67-ல் தன் நாட்டு அணியோடு இந்தியா வந்திருந்தபோதுதான் ரத்தப் புற்றுநோய் தெரியவந்தது. 1967 மார்ச் 13 அன்று ஜமைக்காவில் இறந்தார். வயது 42.

கொல்கத்தாவில் வங்காள கிரிக்கெட் சங்கத்தார் பிப்ரவரி 3-ஆம் தேதியை வொரெல் நாளாக வைத்து 1981 முதல் ரத்த தான முகாம் நடத்துகிறார்கள். அதைப் பார்த்து எங்கள் பள்ளி மைதானத்திலும் அதே தேதியில் முகாம் போடுகிறோம். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வணக்கம்.