வீட்டில் ஏன் சொல்லவில்லை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களின் மன அழுத்தத்துக்குக் காரணம் விசாவா, வீட்டுக்குள் மனம்விட்டுப் பேசாததா என்பது தலைப்பு. "2022லேயே 988 என்று மூன்று இலக்க மனநல உதவி எண் வந்துவிட்டது, நம்மவர்கள்தான் வாய் திறப்பதில்லை" என்று எதிரணித் தோழி வருத்தப்பட்டார். சரி, ஏன் திறப்பதில்லை?

என் கதையையே சொல்கிறேன். பத்து நிமிட வீடியோ காலில் என் வேலை போனது. எச்1பி என்ற வேலை விசாவில் வந்தவனுக்கு அதன்பின் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி நமக்காக மனுப்போட வேண்டும், இல்லையென்றால் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி எச்4, அதாவது என் விசாவைச் சார்ந்த விசா; என் விசா போனால் அவளுடைய வேலை அனுமதியும் கூடவே போகும். தஞ்சாவூரில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். இங்கே மகளின் பள்ளிக்கூடமும் போகும்.

மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. லேப்டாப் பையோடு கிளம்பி ஊர் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். தப்புதான், தோழி. சொன்னால் மூன்று பேருக்கும் தூக்கம் போகும், நான் ஒருவன் விழித்திருந்தால் போதும் என்று நினைத்தேன். கவுன்சலிங் போகலாமே என்றீர்கள். இன்சூரன்சும் வேலையோடுதானே வந்தது! தொடரலாம், முழுப் பிரீமியத்தையும் நம் கையிலிருந்து கட்டினால்.

கிரீன் கார்டு வந்தால் தீருமே என்பீர்கள். ஆண்டுக்குத் தரும் கிரீன் கார்டுகளில் எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதம்தான் பொதுவான உச்சவரம்பு. 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே 7, குட்டித் தீவுக்கும் அதே 7. எந்தத் தேதி வரை மனுப்போட்டவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்று அரசு வெளியிடும் விசா புல்லட்டினை மாதாமாதம் திறந்து, அந்தத் தேதி நகர்ந்ததா என்று பார்க்கிறோம். சில மாதம் அது பின்னாலும் போகும். வரிசையில் நிற்கும்போதே பிள்ளைக்குச் சட்டக் கணக்கில் 21 வயது ஆகிவிட்டால் நம் மனுவிலிருந்து கழன்றுவிடும். இரண்டு வயதில் இங்கு வந்த பிள்ளை தனக்கென்று ஒரு விசா தேட வேண்டும். இதை அந்தப் பிள்ளையிடம் எந்த வயதில் மனம்விட்டுப் பேசுவது, தோழி?

நூலகத்தில் இருந்தபோது ஒருநாள் அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, இவ்வளவு மெதுவாப் பேசுற?"

"மீட்டிங்ல இருக்கேம்மா."