மென்பொருளில் வரும் புதிய வசதி: பணியாளருக்கு யார் சொல்வது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அலுவலகக் கணினிகளில் இருக்கும் மென்பொருள்கள் முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மாறின. இப்போது இணையத்தின் வழியே, நாம் கேட்காமலேயே, அடிக்கடி மாறிக்கொண்டிருக்கின்றன. மாறியது என்ன, அதனால் தம் அன்றாட வேலையில் எந்தப் படி மாறும் என்பதைப் பணியாளருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதைப் பல நிறுவனங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. மென்பொருளை வாங்கும்போது காட்டும் அக்கறையை இதிலும் காட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சேலத்துக்கு நன்கு பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து மகாராஷ்டிரத்துக்கு ஜவ்வரிசி ஏற்றிச் செல்லும் லாரி, சரக்குக்காக அரசின் இணையதளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில் இல்லாமல் புறப்பட முடியாது. அந்தத் தளத்துக்குள் நுழைய, கடவுச்சொல்லுடன் கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் வேண்டும் என்ற ஏற்பாடு, ஆண்டு விற்றுமுதல் 20 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதலும், 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்குப் பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு ஏப்ரல் 1 முதலும் கட்டாயமாக்கப்பட்டது. இது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மாற்றம்தான். ஆனால் அப்படிப்பட்ட அறிவிப்பு முதலாளிக்கோ ஆடிட்டருக்கோ போய்ச் சேர்வதோடு நின்றுவிடுகிறது. இரவில் லோடு ஏற்றி முடிந்தபின் பில் போட உட்காருபவரோ குடோனில் இருக்கும் ஊழியர். ஓடிபி முதலாளியின் கைப்பேசிக்குப் போகிறது. அவர் வெளியூர்த் திருமணத்தில் இருந்தால் எடுத்துப் பார்க்க நேரமாகிறது. தார்ப்பாய் கட்டிய லாரி வாசலிலேயே நிற்கிறது. இத்தனைக்கும், ஊழியருக்கென்று துணைப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அவருடைய கைப்பேசி எண்ணையே அதில் பதிவு செய்துகொள்ளும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. அதை முன்னதாகவே அவரிடம் சொல்லி, கணக்கையும் தொடங்கிக் கொடுத்திருந்தால் அந்தத் தாமதத்துக்கே இடமில்லை.

வேலை நிற்காமலேயே நட்டம் தரும் அறியாமையும் உண்டு. என்னைக் கேட்டால், அதுவே பெரிது, ஏனென்றால் அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. நம் கடைகளில் பரவலாகப் புழங்கும் டேலி கணக்கு மென்பொருள் 2020ஆம் ஆண்டு இறுதியில் டேலி பிரைம் என்ற புதிய வடிவில் வந்தது. அதில் ஒரு பில்லைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஆல்ட் விசையுடன் ஜி விசையை அழுத்தி, வேறொரு வாடிக்கையாளரின் பாக்கியைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். லீ பஜார் மண்டிகளில் நாள் முழுவதும் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்வியே பாக்கி எவ்வளவு என்பதுதான். அப்படியிருந்தும், போட்டுக்கொண்டிருந்த பில்லைக் கைவிட்டு வெளியே வந்து, பாக்கியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். திறமையில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்வது எப்படி? மென்பொருள் நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்பும் நீண்ட பட்டியலை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, தெரிவித்தாயிற்று என்று இருந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பட்டியல் எல்லா ஊருக்கும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. அதிலிருந்து நம் பில் மேசைக்கு எது, இருப்புக் கணக்குக்கு எது, சம்பளப் பிரிவுக்கு எது என்று பிரித்தெடுக்க ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். பிரித்தபின் எழுதும் அறிவிப்பு நான்கைந்து வரிக்கு மேல் போக வேண்டியதில்லை. “திங்கள்கிழமை முதல் விற்பனை பில்லில் வாடிக்கையாளர் பெயருக்குக் கீழே புதிய கட்டம் ஒன்று தெரியும். அதில் லாரி எண்ணைப் பதியவும். பதியாவிட்டால் பில் சேவ் ஆகாது. மற்ற எதுவும் மாறவில்லை.” இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எது மாறவில்லை என்று தெரிந்தால்தான், பல ஆண்டுகளாகக் கை பழகிய வேலை பறிபோய்விடுமோ என்ற அச்சம் பணியாளருக்கு நீங்கும்.

சொல்லும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம், 20ஆம் தேதி வரி கட்டுவதற்கான 3பி படிவம் என்று கணக்குப் பிரிவினர் நெருக்கடியில் இருப்பார்கள். அந்த நாட்களில் சொல்வது எதுவும் மனத்தில் பதியாது. 20ஆம் தேதி கழிந்து, மாதக் கடைசி நெருங்குவதற்குள் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். தீபாவளிக்கு முன்பான வாரங்களில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைகளில் இதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

சொல்பவர் கணினித் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொரு பிரிவிலும் அந்த வேலையையே செய்யும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, புதிய வடிவத்தை முதலில் அவருடைய கணினியில் மட்டும் ஏற்றி, ஒரு வாரம் புழங்கவிட்டு, பிறகு அவர் வாயாலேயே மற்றவர்களுக்குச் சொல்ல வைப்பது நல்ல பலன் தரும். ஆனால் அவருடைய வழக்கமான வேலையில் அதற்கு ஈடாக ஏதாவது ஒன்றைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். குறைக்காமல் சுமத்தினால் அது நீடிக்காது. மின்னஞ்சலே பார்க்காத எடைமேடைப் பணியாளருக்கும் இரவு ஷிப்ட்டில் வருபவருக்கும் தாளில் அச்சிட்டு, கணினிக்கு அருகிலேயே ஒட்டி வைக்க வேண்டும்.

நெடுங்காலம் பேரேட்டில் கணக்கெழுதிய மூத்தவர்களிடம், எல்லோர் முன்னிலையிலும் புரிந்ததா என்று கேட்பது மரியாதை ஆகாது. கேட்டால் புரிந்தது என்றே சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்வதைச் சற்று நேரம் பார்த்தாலே எந்த இடத்தில் கை தயங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த அறிவிப்பில் பெயர் சொல்லாமல் விளக்கிவிடலாம். அறிவிப்புகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், விடுப்பில் இருந்து திரும்புபவரும் புதிதாக வேலைக்குச் சேருபவரும் யாரையும் எதிர்பார்க்காமல் படித்துக்கொள்வார்கள்.

நன்றி. வணக்கம்.