ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஓர் அறை

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்ட டாக்டர் அம்மா அவர்களே, மண்டபம் தந்து டீக்கும் ஏற்பாடு செய்த பந்தலூர் வியாபாரிப் பெரியவர்களே, அங்கன்வாடி சகோதரிகளே, தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு வந்திருக்கும் அக்கா தங்கைகளே, வணக்கம்.

கர்ப்பிணிகளைப் பற்றி இரண்டு விஷயம் பேச வந்தேன்: சாப்பாடு, பயணம். சாப்பாட்டுக்கு முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் 18,000 ரூபாய் உதவித் திட்டம் இருக்கிறது. பதியாதவர்கள் நர்சம்மாவைப் பாருங்கள். சரி, பயணத்துக்கு வருகிறேன். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.

என் இரண்டாவது பிரசவம் ஆடி மாதத்தில். ராத்திரி பதினொரு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. தோட்டத்து லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. வீட்டுக்காரர் மேட்டுக்கு ஓடி 108-ஐக் கூப்பிட்டார். வண்டி வரும் வழியில் மரம் விழுந்து கிடக்கிறது என்றார்கள். அடுத்த லைனில் ஒரு ஜீப் கிடைத்தது. மாமியார் மடியில் தலைவைத்துப் படுத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் டிரைவர் தம்பி வண்டியை நிறுத்தினான். ரோட்டு நடுவில் யானை, பக்கத்தில் குட்டி. “சத்தம் போடாதே கண்ணு” என்றார் மாமியார். அவர் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். “அதுவும் பிள்ளை பெத்ததுதானே அக்கா, வழி விடும்” என்றான் தம்பி. குட்டியைத் தள்ளிக்கொண்டு அது தேயிலைக்குள் இறங்கியது. ஆனால் பிள்ளை ஜீப்பிலேயே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் மாமியார் சேலையெல்லாம் என் ரத்தம். அந்தப் பிள்ளைதான் இங்கே வரவேற்புரை படித்தவள்.

பிரசவமானதும் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போகலாம். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊட்டி கூடலூரிலிருந்தே ஏறக்குறைய 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக மலை ஏற வேண்டும். வலி வந்தபிறகு வண்டி தேடினால் எப்படி? வெள்ளம் வருமுன்தானே அணை?

நாள் நெருங்கும்போதே ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வந்து தங்குவதற்குப் பிரசவக் காத்திருப்பு அறை கேட்கிறோம். தமிழ்நாட்டில் வேறு சில மலைப் பகுதிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆனால் துணைக்கு வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடுமே, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? அதனால்தான் யாரும் முன்கூட்டிக் கிளம்புவதில்லை. துணைக்கு வருபவருக்குச் சாப்பாடும் படியும், மூத்த பிள்ளைக்கு ஒரு பாயும் அந்த அறையில் வேண்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கைநாட்டும் செல்லும். டீ குடிக்கும் முன் போட்டுவிடுங்கள்.