செவ்வியல் என்றால் ஒட்டுவேலை அல்ல

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்து வீட்டின் உள்ளலங்காரத்துக்குப் பொருந்துவது பழைய கிரேக்க, ரோம வழியில் வந்த செவ்வியல் பாணியா, நவீன எளிமையா என்பது இன்றைய வழக்கு. செவ்வியலே பொருந்தும் என்பது எங்கள் கட்சி. அதன்மீது எதிரணித் தலைவர் மூன்று குற்றம் சுமத்தியிருக்கிறார். அது இரவல் அலங்காரம், சோளகம் வீசினால் பூவேலைக்குள் எல்லாம் புழுதி, செலவு கட்டுபடியாகாது.

இரவல் என்பதற்கு அவர் காட்டிய சாட்சி ஒரு புது வீடு. ஒன்பதடி உயர முன்னறை. மேலே சுற்றிவர ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டர் பூக்கள், அதன்மேல் தங்க வர்ணம், எதையும் தாங்காத இரண்டு தூண்கள், தலையில் இடிக்கும் சரவிளக்கு. அந்த அறைக்குள் எனக்கும் மூச்சு முட்டும். ஆனால் அங்கே மீறப்பட்டிருப்பது செவ்வியலின் முதல் விதி, நடுவர் அவர்களே. அந்த விதி அளவு.

சுவர் 10 அடி என்றால் நிலத்தோடு ஓடும் அடிப்பட்டி 5 அல்லது 6 அங்குலம். கதிரை முதுகு சுவரில் உரசாமல் காக்கும் இடைப்பட்டி 32 முதல் 36 அங்குல உயரத்தில். மேலே கூரையோரப் பட்டி 4 அங்குலம். அதே பட்டியை 9 அடிச் சுவரில் வைத்தால் கூரை தலையில் இறங்கியது போல இருக்கும். அங்கே இரண்டரை அங்குலம் போதும். சரவிளக்குக்கும் கணக்கு உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டுங்கள். வரும் எண்ணை அங்குலமாக எடுத்தால் அதுவே விளக்கின் விட்டம். 14க்கு 12 அறைக்கு 26 அங்குலம். விளக்கின் அடி நிலத்திலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக்கூடாது. 9 அடி அறையில் மிஞ்சுவது 2 அடிதான். அங்கே தொங்கும் சரவிளக்கை விட்டுவிட்டுச் சுவர் விளக்கு இரண்டைச் சோடியாக வையுங்கோ.

இரவல் என்றாரே, பழைய ரோமர் வீட்டின் நடுக்கூடத்தில் கூரை திறந்திருக்கும். மழை உள்ளே விழுந்து கீழே தொட்டியில் நிறையும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரை 1748இல் தோண்டத் தொடங்கிய பின் ஐரோப்பா அந்தப் பாணிக்கு மறுபடியும் பித்துப் பிடித்துத் திரும்பியது. எங்கள் நாற்சார் வீட்டைப் பாருங்கோ. நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரியும். பல வீடுகளில் தலைவாசலில் நின்றால் முற்றத்தைத் தாண்டிப் பின்கதவு நேர்கோட்டில் தெரியும். நடுக்கோடு, இரு பக்கச் சமநிலை, தூண் வரிசை எல்லாம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவை. இவற்றை எவரிடமும் நாம் கேட்டு வாங்கவில்லை.

இனி எதிரணி தொடாமல் விட்ட ஒன்று: பழுதுபார்ப்பு. வீட்டுச் சாமானை வாங்கும் நாளில் மட்டும் பார்த்தால் மரத்தூளை அழுத்திச் செய்த நவீன போர்ட் அலுமாரி வெல்லும். அந்த அலுமாரியின் அடி விளிம்பில் மாரி ஈரம் ஏறினால் மரத்தூள் ஊதும். ஊதினது திரும்பச் சுருங்காது. முதிரையிலோ தேக்கிலோ செய்த அலுமாரியில் கால் உக்கினால் தச்சர் அந்தக் காலை மட்டும் மாற்றுவார்.

பொலிஷையும் எடுங்கள். அரக்குப் பொலிஷில் சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அது குறைதான், மறைக்கவில்லை. ஆனால் அரக்கு ஸ்பிரிட்டில் மீண்டும் கரையும். துணிப்பொட்டணத்தில் தொட்டு மெல்ல இழுத்தால் பழைய பூச்சும் புதியதும் ஒன்றாகும். பிளாஸ்டிக் போலப் படியும் நவீன வார்னிஷ் உரிந்தால் முழுப் பலகையையும் சுரண்டவேண்டும். ஒரு எச்சரிக்கை: கார்த்திகை மழையில் அரக்குப் பூசவேண்டாம். காற்றின் ஈரம் பூச்சுக்குள் அகப்பட்டுப் பால் போல மங்கும். மாசி, பங்குனி நல்ல காலம்.

சாய்மனைக் கதிரையின் பிரம்புப் பின்னல் தொய்ந்துவிட்டால் பலர் அதை வெளியே எறிகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். கதிரையைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியைப் பின்னலின் அடிப்பக்கத்தில் அரைமணி நேரம் போட்டு, நிழலில் காயவிடுங்கள். இழை அறாமல் இருந்தால் பெரும்பாலும் மீண்டும் இறுகும். மேற்பக்கத்தில் பிரம்பின் மினுமினுப்பான தோல் இருப்பதால் தண்ணீர் ஏறாது. அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்த கதிரையில் இந்த வைத்தியம் பலிக்காது. இழை வறண்டு முறியும்.

நிலத்துக்கு வருவோம். சிவப்புச் சீமெந்து நிலம் வெடிக்கும் என்றார்கள். வெடிப்பது அவசரத்தால். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல். சிவப்பு ஒக்சைட், சீமெந்தின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது: 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோ எல்லை. நிறம் கூடட்டும் என்று மேலும் கொட்டினால் மேற்பரப்பு பலமிழந்து தூள் பறக்கும். முழு அறையையும் ஒரே விரிப்பாக இழுக்காமல் 4 அடிக் கட்டங்களாகப் பிரித்தால் சுருங்கும் வெடிப்பு கோட்டுக்குள் அடங்கும். குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டி வைக்கவேண்டும். கரையோர ஊர்களில் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தால் காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூக்கும். நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து எடுப்பியுங்கோ.

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசி பெயின்ற் அடிப்பதும் அதே மாதிரித் தவறு. ஈரம் வெளியேற வழியின்றி உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளும். ஈரம் ஏறிய இடத்துக்கு ஓரடி மேல்வரை சீமெந்தைக் கொத்தி எடுத்து, நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்றாகக் குழைத்து, ஒருமுறைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காமல் பூசவேண்டும். சில நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்கவேண்டும். அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு வெள்ளை மூன்று முறை.

புழுதி என்ற குற்றத்துக்குச் சுருக்கமாகப் பதில். மரப்பட்டியின் மேல்விளிம்பைத் தட்டையாக விடாமல் சற்றுச் சரிவாகச் சீவச் சொல்லுங்கள், புழுதி தங்காது. ஆழமான இலைச் செதுக்கலைத் தலைவாசல் கதவோடு நிறுத்துங்கள். உள்ளறைக்கு நேர்க்கோட்டுத் தவாளிப்பு, அதாவது நீளப் பள்ளக்கோடு, போதும், ஒரு தூரிகையால் துடைத்துவிடலாம். எதிரணி விரும்பும் துணி சோபாவும் பொய்க்கூரையும் புழுதியைக் கண்ணுக்குத் தெரியாமல் சேர்க்கின்றன.

செலவு. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்யச் சொன்னது யார்? முதலில் சுவர், நிலம். பிறகு முன்னறைக்கு நல்ல மரத்தில் ஒரு மேசையும் ஒரே மாதிரியான இரண்டு கதிரைகளும், வாசலின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும். இடிக்கப்படும் பழைய வீடுகளின் கதவு, யன்னல், வைரமேறிய பனஞ்சிலாகை விலைக்கு வந்தால் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள்; மொத்தென்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். அடுத்தது திரைச்சீலை: யன்னலுக்கு மேல் 4 அங்குலம் உயர்த்திக் கம்பி வைத்து, கம்பி அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி. பட்டு வேண்டாம், கைத்தறிப் பருத்தி போதும். இடைப்பட்டியும் கூரையோரப் பட்டியும் அதன் பின்னால். சரவிளக்கு கடைசி.

நன்றி, வணக்கம்.