யார் பிள்ளை பக்கத்தில் யார் பிள்ளை

(தக்கலையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், என்னிடம் படித்துவிட்டு இன்று தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் என் மக்களுக்கும் வணக்கம்.

குமரி மாவட்டத்தைப் பற்றி எந்த மேடையில் பேச்செடுத்தாலும் எழுத்தறிவுக் கணக்கில்தான் தொடங்குவார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எனக்கும் அதில் பெருமை உண்டு. 34 வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. இங்கே 100 பேரில் ஏறத்தாழ 49 பேர் இந்துக்கள், 47 பேர் கிறிஸ்தவர்கள், 4 பேர் முஸ்லிம்கள். இப்படி ஒரு ஊர்க்கூட்டு தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இல்லை. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். நாம் எல்லாரும் படித்தோம், சரி. சேர்ந்து படித்தோமா?

1982-ல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் வெடித்தபோது நான் ஆசிரியப் பயிற்சி மாணவி. கற்பித்தல் பயிற்சிக்காகக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். மூடிய பள்ளி மறுபடி திறந்த அன்று, வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்துப் பெயர் கூப்பிடச் சொன்னார் வகுப்பாசிரியர். கூப்பிட்டேன். ஒரு கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மை. இரண்டு வாரம் கழித்துப் பயந்து பயந்து வந்தார்கள், வந்து தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. படிப்பில் பின்தங்கிய மாவட்டமா இது? அப்போதும் இல்லை. இங்கே அடித்துக்கொண்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தச் சிவப்பு மை இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பழைய கதைக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். அந்தச் சமஸ்தானத்தில் 1817-ல், 15 வயது ராணி கௌரி பார்வதிபாய், மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். உலகத்தில் பல தேசங்கள் அதை யோசித்தே பார்க்காத காலம். ஆனால் 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள்? கிட்டத்தட்ட 100 வருஷம் கழித்து, வெங்கானூர் அய்யன்காளி, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்த புலையர் சாதியில் பிறந்த பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போகிறார். நெய்யாற்றின்கரைப் பக்கம், நம் விளவங்கோட்டிலிருந்து கூப்பிடு தூரம். பிள்ளையை உட்காரவைத்தார்கள் என்பதற்காக அந்தப் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். தீயில் கருகிய பெஞ்ச் ஒன்றை இன்றும் அங்கே பத்திரமாகக் காத்துவருகிறார்கள். ஆணையில் எழுதியிருந்தது ஒரு மதிப்பீடு. அந்தப் பெஞ்சில் கரியாகக் கிடப்பது இன்னொன்று. ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நான் அந்தப் பெஞ்சைத்தான் பார்ப்பேன்.

நம் பக்கத்தில் வேறொரு வாசல் திறந்தது. 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த மீட் ஐயர் நாகர்கோவிலில் தொடங்கியதுதான் பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அப்படிப் படித்த பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சாதியில் கீழே வைக்கப்பட்ட பெண்கள் மேலுடை அணிவதை எதிர்த்து நடந்த தோள்சீலைக் கலவரத்தில் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள் என்றால், அந்தக் குப்பாயத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கொளுத்தியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதே காலத்தில்தான் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கவும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவும் வைத்தார். அதுவும் கல்விதான் என்று நான் பிள்ளைகளிடம் சொல்லுவேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சமுதாயமும் தன் பிள்ளைகளுக்கென்று பள்ளி கட்டியது. சபை கட்டியது, சங்கம் கட்டியது, தேவஸ்வம் கட்டியது. அரசு பள்ளி எட்டாத இடத்தில் அவைதான் நம்மைக் கைதூக்கிவிட்டன. நானே அப்படி ஒரு உதவிபெறும் பள்ளியில் படித்தவள். அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றியோடு இதையும் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு மணிநேரம் மணியடித்ததும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வேதபாடத்துக்கு எழுந்து போகும், மறுபாதி நீதிபோதனைக்கு உட்கார்ந்திருக்கும். என் பக்கத்தில் இருந்தவளுக்கு அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம். முதல் வாரம் அவள் வாசல்படியில் நின்றுகொண்டு, "டீச்சர், நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். டீச்சர் கெட்டவரில்லை. "உன் பேர் என்ன பேரோ அந்தப் பக்கம் போ மக்களே" என்றார். அரசின் உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்வது எனக்கு ஆசிரியை ஆன பிறகுதான் தெரியும். 1973-லேயே, பெற்றோர் விரும்பினால் பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடலாம் என்று தமிழக அரசு ஆணையும் போட்டிருக்கிறது. சட்டம் அவளுக்கு இடம் வைத்திருந்தது. வகுப்பறையில்தான் அவளுக்கு இடமில்லை.

மொழிக்கு வருகிறேன். அருமனைப் பக்கம் வேலைபார்த்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "நான் வெள்ளம் குடித்தேன்" என்று எழுதியது. நான் புதிதாகப் போனவள். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, தண்ணீர் என்று திருத்தினேன். மறுநாள் அதன் ஆத்தா பள்ளிக்கு வந்து, "எங்க வீட்டுல எல்லாரும் வெள்ளம்னுதானே சாரே சொல்லும்" என்றார். டீச்சரையும் சாரே என்று கூப்பிடும் ஊர். எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாடநூல் தமிழையும் அந்தப் பிள்ளை கற்க வேண்டும். அது என் வேலை. ஆனால் வீட்டுச் சொல்லைக் குற்றம்போல் வட்டமிட என்ன தேவை இருந்தது? கடற்கரைப் பிள்ளைகளும் அப்படித்தான். கச்சான், கொண்டல், நீவாடு, கரமடி என்று காற்றுக்கும் கடலுக்கும் வலைக்கும் அவர்களிடம் ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. நாமோ வருஷா வருஷம் நெல் நாற்று நடுவதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி மார்க் குறைத்துக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் நம்மிடம் நல்ல முன்மாதிரி இருக்கிறது. இடலாக்குடி சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் ஒரு முஸ்லிம். வள்ளலாரின் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று சைவர்களே சண்டையிட்டபோது அருட்பா என்று நின்று வாதாடியவர் அவர். பாடநூலின் முன்பக்கத்தில் 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று தலைமுறை தலைமுறையாக அச்சடிக்கிறோம். அச்சடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்த பிள்ளைகள்தான் 2023-ல் பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் உடன் படித்தவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். வகுப்பெடுத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவனிடம்தான் ரப்பர் கடன் கேட்பார்கள், அவன் டப்பாவிலிருந்துதான் மரச்சீனிக் கிழங்கை எடுத்துத் தின்பார்கள்.

இப்போது உள்ளூர் விடுமுறைகளைப் பாருங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம், தக்கலை பீர் முகமது அப்பா ஆண்டு விழா, ஓணம் என்று எல்லாவற்றுக்கும் கலெக்டர் விடுமுறை விடுவார். ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு அழகு! அடுத்த வீட்டுக்காரர் கும்பிடுவதற்காக நம் பிள்ளையும் ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கிறது. ஆனால் எதற்கு லீவு என்று கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் கடைசியாக வேலைபார்த்த பள்ளியில், விடுமுறைக்கு முந்தைய நாள் காலை வணக்கத்தில் அந்த விழாவைக் கொண்டாடும் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து, தன் வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும், என்ன சமைப்பார்கள் என்று 5 நிமிஷம் சொல்லும். போதனை ஒன்றும் கிடையாது. கொழுக்கட்டைக்கு எந்த இலை என்பதுபோல கேள்விகள் வரும்.

கடைசியாக ஒன்று. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டே என் மகளை வேன் வந்து ஏற்றிப்போகும் பள்ளியில் சேர்த்தேன். எங்கள் சமுதாயத்தார் நடத்துவது, நல்ல ரிசல்ட். ஏழாம் வகுப்பில் ஒருநாள், பின்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னபோது, "அது யாரும்மா?" என்று கேட்டாள். ஒரே வயசு. நடுவில் ஒரு மதில்தான். அவள் பெயரே என் மகளுக்குத் தெரியவில்லை. வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கட்டும் என்று கோத்தாரிக் கல்விக் குழு 1966-ல் எழுதியதை வகுப்பில் நடத்திவிட்டு வந்தவள் நான்.

ஜூனில் பள்ளி திறக்கும். உங்கள் தெருமுனை அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழிப்பறை சரியில்லையா, ஆசிரியர் போதவில்லையா, என்னைக் கூப்பிடுங்கள். எழுதிப்போடவும் அலுவலகத்துக்கு நடக்கவும் எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. ஆனால் முதலில் உள்ளே போய் ஒரு வகுப்பைப் பாருங்கள். யார் பிள்ளை பக்கத்தில் யார் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.