பூட்டிய அறைக்குள் ஒரு நாற்காலி

(மேரிலாந்தில் தமிழ்ச் சங்கச் சித்திரைத் திருநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களுக்கும், என்னைப் பேசக் கூப்பிட்ட செயலாளர் அம்மா அவர்களுக்கும், கவுன்டி சுகாதாரத் துறையிலிருந்து விடுமுறை நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் டாக்டர் அம்மா அவர்களுக்கும் என் வணக்கம். இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அன்பருக்கும், தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களுக்கும், சற்று முன் தமிழ்த்தாய் வாழ்த்தை ஒரு சுருதி பிசகாமல் பாடிய குழந்தைகளுக்கும், விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழுவுக்கும் நன்றி. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். நான் பேசப்போவது உங்களுக்கும்தான். யாரையாவது சொல்ல விட்டிருந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். அமெரிக்க அரசு மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களை ஏன் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துகிறது என்பது ஒன்று. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது இரண்டு. நம் இந்தியாவில் இது எப்படி இருக்கிறது என்பது மூன்று.

என் பாட்டி நாளைக்கு நான்கு தடவை சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.’ இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். இருக்கும் பெதஸ்டா நமக்குப் பக்கத்து ஊர். இந்தக் கூட்டத்திலேயே அங்கே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பட்ஜெட் வருஷத்துக்கு ஏறக்குறைய 48 பில்லியன் டாலர். அதில் 80 சதவீதத்துக்கும் மேல் வெளியே பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கிராண்ட்டாகப் போகிறது. யாருக்கு எவ்வளவு என்பதற்கு முதல் வடிகட்டல் நடக்கும் இடம் ‘ஸ்டடி செக்‌ஷன்’ என்கிற நிபுணர் குழு. ராக்லெஜ் டிரைவில் அதற்கென்று ஓர் அலுவலகமே இருக்கிறது. இப்போது பெரும்பாலும் கணினித் திரையில்தான் கூடுகிறார்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்கிற அரசிதழில் ஓர் அறிவிப்பு வரும். குறைந்தது 15 நாள் முன்னதாக வர வேண்டும். குழுவின் பெயர், தேதி, காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை, ‘விண்ணப்பங்களைப் பரிசீலிக்க’ என்று ஒரு வரி. அப்புறம், ‘இந்தக் கூட்டம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கும்’ என்று எழுதியிருக்கும். காரணமும் ஒவ்வொரு அறிவிப்பிலும் மாறாமல் வரும்: காப்புரிமை பெறக்கூடிய யோசனைகளும் வியாபார ரகசியங்களும் வெளியே போய்விடக் கூடாது, விண்ணப்பித்தவர்களின் சொந்த விவரங்கள் அம்பலமாகக் கூடாது.

1972இல் ஆலோசனைக் குழுக்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். அரசுக்கு யோசனை சொல்லும் குழு எதுவானாலும் மக்கள் பார்க்கும்படி கூட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 1976இல் வந்த ‘சன்ஷைன்’ சட்டம், எந்தெந்தக் காரணத்துக்காகக் கதவைச் சாத்தலாம் என்று விதிவிலக்குகளை வரிசைப்படுத்தியது. அவற்றில் நாலாவதும் ஆறாவதும்தான் இங்கே பூட்டும் சாவியும்.

இந்தப் பூட்டை உடைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓர் இளம் விஞ்ஞானி இன்னும் யாருமே செய்யாத ஒரு யோசனையை எழுதி அனுப்புகிறார். அதைத் திறந்த மேடையில் படித்தால் வசதி படைத்த இன்னொருவர் நாளைக்கே செய்துவிடுவார். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய பேராசிரியரின் திட்டத்தை ‘இது தேறாது’ என்று சொல்லும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? கதவு மூடியிருப்பதில் நியாயம் இருக்கிறது. என் கேள்வி, மூடிய கதவுக்கு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

சரி, உள்ளே போவோம். ஒரு விண்ணப்பத்தை வழக்கமாக மூன்று பேர் முன்கூட்டியே ஆழமாகப் படித்து மதிப்பெண் போட்டு வருவார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு, 9 என்றால் மோசம். நம் பரீட்சைக்குத் தலைகீழ். இந்த முதல் மதிப்பெண்களில் பின்தங்கிய பாதி விண்ணப்பங்களைப் பெரும்பாலும் விவாதிப்பதே இல்லை. மிச்சம் இருப்பவற்றில் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ. விண்ணப்பித்தவரோடு கூட்டு வேலையோ வேறு உறவோ உள்ளவர் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விட வேண்டும். குழு உறுப்பினர் பட்டியல் வெளியே கிடைக்கும். யார் என்ன மதிப்பெண் போட்டார் என்பது மட்டும் கிடைக்காது.

நேர்மையாகத்தான் செய்கிறார்கள். சென்னையில் பிறந்து 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்து மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவழித்த சியாமளா கோபாலன் அம்மையாரும் என்.ஐ.எச்.சுக்காக இப்படி விண்ணப்பங்களை மதிப்பிட்டவர்தான். அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்த இடம் அது.

இருந்தாலும் நேர்மையான நிபுணர்களுக்கும் கண்ணுக்குப் படாத இடம் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒரே 25 விண்ணப்பங்களை 43 நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் நல்லது என்று சொல்லவில்லை, ஒற்றுமை ஏறக்குறைய இல்லவே இல்லை என்று 2018இல் எழுதினார்கள். கறுப்பின விஞ்ஞானிகளின் விண்ணப்பம் தேறும் வாய்ப்பு, படிப்பு, வெளியீடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வெள்ளையர்களைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு என்று 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கொரோனா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிவகுத்த விஞ்ஞானி கத்தலின் கரிக்கோ 1990களில் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டார், பணம் வரவில்லை. 1995இல் பல்கலைக்கழகத்தில் அவரைப் பதவி இறக்கினார்கள். 2023இல் அவருக்கு நோபல் பரிசு. இதைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம், இன்றைக்கு வேண்டாம்.

நான் சொல்ல வந்தது என் மாமியார் கதை.

அத்தைக்குக் கும்பகோணம். சர்க்கரை வந்து, சிறுநீரகமும் கொஞ்சம் கெட ஆரம்பித்த நேரம். எங்களோடு கெய்தர்ஸ்பர்க் அபார்ட்மென்ட்டில் இருந்தார். ஒரு பெரிய மருத்துவமனையில், அரசுப் பணத்தில் நடந்த ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். ‘என்னால நாலு பேருக்கு நல்லது நடந்தா சரி’ என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். கிளம்பும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை, ஒரு சொட்டு விடாமல், அதில் சேர்க்க வேண்டும். சேர்த்ததைக் குளிர்ச்சியாக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது? மேல் தட்டில் தோசை மாவு. நடுவில் தயிர். பக்கத்தில் கோயிலிலிருந்து கொண்டுவந்த புளியோதரைப் பிரசாதம். அத்தை காலையில் குளிக்காமல் அந்த ஃப்ரிட்ஜைத் தொடவே மாட்டார். ‘இதை நான் தயிருக்குப் பக்கத்தில் வைக்கணுமா?’ என்று கேட்டார். அவர் முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. என் கணவர் நான்கு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் கீழ்த்தட்டில் வைக்கலாம் என்றார். முடியாது. புதிதாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்றேன். ‘இதுக்காகக் காசைக் கரியாக்குவியா?’ என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த மாதம். கேனைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனியில், பனிக்கு நடுவில் வைத்துவிட்டார். குளிர்ச்சிதானே கேட்டார்கள்? ஒவ்வொரு தடவையும் ஸ்வெட்டர் போட்டு, குல்லா போட்டு, கதவைத் திறந்து போவார். இரவு ஒரு மணிக்கும் போனார். கீழ்வீட்டுக்காரர் காலையில் பார்த்துவிட்டுப் பெட்ரோலோ என்னவோ என்று பயந்து மேனேஜரைக் கூப்பிட, மேனேஜர் மேலே வர, நான் வாசலில் நின்று அவருக்கு விளக்க... சரி, அதை விடுங்கள். கேனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது உள்ளே இருந்தது கல்லாக உறைந்திருந்தது. மாதிரி செல்லாது என்றார்கள். மறுபடியும் செய்யச் சொன்னார்கள். அத்தை மறுத்துவிட்டார். ஆய்விலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆய்வை எழுதியவர் கெட்டிக்காரராகத்தான் இருந்திருப்பார். அதைப் படித்து மதிப்பெண் போட்டவர்களும் அப்படித்தான். சிறுநீரில் எந்தப் புரதம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கேன் எந்த வீட்டு ஃப்ரிட்ஜில், எதற்குப் பக்கத்தில் உட்காரும் என்று கேட்க ஓர் ஆள் அங்கே இல்லை. இருந்திருந்தால் ஐஸ் கட்டி போட்ட ஒரு சின்னப் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

நடக்காத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதே நாட்டில் ஏற்கெனவே நடக்கிறது. 1990 மே 21 அன்று எய்ட்ஸ் நோயாளிகளும் நண்பர்களும் பெதஸ்டாவில் என்.ஐ.எச். வளாகத்துக்குள் திரண்டு போராடினார்கள். அதன் பிறகுதான் எய்ட்ஸ் மருந்துச் சோதனைக் குழுக்களில் நோயாளிகளுக்கு இடம் கிடைத்தது. அடுத்து மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள். லட்சக்கணக்கில் கடிதம் திரட்டி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கதவைத் தட்டினார்கள். 1992இல் 210 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது, அதுவும் ராணுவ பட்ஜெட்டில்! அந்தத் திட்டத்தின் பரிசீலனைக் குழுவில் விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்ட பெண்களும் சரிசமமாக உட்கார்ந்து ஓட்டுப் போட வேண்டும் என்று போராடி வாங்கினார்கள். இவர்களுக்கு என்ன தெரியும் என்று சந்தேகப்பட்ட விஞ்ஞானிகள் இருந்தார்கள். கூடவே உட்கார்ந்து வேலை செய்த பிறகு அவர்களில் பலர் இதற்கு ஆதரவாகப் பேசினார்கள். கதவு அங்கேயும் பூட்டித்தான் இருக்கிறது. ரகசியம் வெளியே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்க 2010இல் வந்த பி.கோரி அமைப்பிலும் நோயாளிகள் மதிப்பெண் போடுகிறார்கள்.

என்.ஐ.எச்.சில் இரண்டாம் கட்டமாக ஓர் ஆலோசனை மன்றம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் தரப்பு. ஆனால் மதிப்பெண் விழுந்து, பாதி விண்ணப்பங்கள் ஒதுங்கிய பிறகுதான் அவர்கள் முறை வருகிறது. எனக்கு முதல் அறையிலேயே நாற்காலி வேண்டும். ஒவ்வொரு ஸ்டடி செக்‌ஷனிலும், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு வரும் ஒவ்வொரு முறையும், அந்த நோயோடு வாழும் ஒருவர், ஓட்டுரிமையோடு. ரகசியம் காப்பதாக உறுதி சொல்லும் பத்திரத்தில் மற்றவர்கள் போடும் அதே கையெழுத்தை அவரும் போடட்டும்.

2025 ஜனவரி கடைசியில் என்ன ஆயிற்று? புதிய அரசு வந்ததும் அரசிதழுக்கு அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தி வைத்தார்கள். அறிவிப்பு இல்லாமல் சட்டப்படி கூட்டம் நடத்த முடியாது. ஒரு வரி அறிவிப்பு வராததால் நாடு முழுக்கப் பரிசீலனை முடங்கி, விண்ணப்பங்கள் வாரக்கணக்கில் கிடந்தன. ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை போய்விடுமோ என்று தவித்த பிள்ளைகள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அன்றைக்குக் கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் விஞ்ஞானிகள். ‘என் கூட்டம் ஏன் நிற்கிறது?’ என்று கேட்க ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அந்த அறையில் உரிமை இருந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி இருந்திருக்கும். அதே வருஷம், நோயாளிகள் ஓட்டுப் போடும் அந்த ராணுவ ஆராய்ச்சித் திட்டங்களின் மொத்தப் பணமும் பாதிக்கும் மேல் வெட்டப்பட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தவர்கள் காங்கிரஸ் உறுப்பினரைக் கூப்பிட்டுப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

செயலாளர் அம்மா சீட்டு அனுப்பிவிட்டார். இந்தியாவைப் பற்றி இன்னொரு நாள் கட்டாயம் பேசுகிறேன், அது பெரிய விஷயம்.

இப்போது வேலைக்கு வருவோம். இங்கே குடியிருக்கும் நீங்கள் புற்றுநோயிலிருந்து மீண்டவராக இருக்கலாம், பார்க்கின்சன் உள்ளவரைக் கவனித்துக்கொள்பவராக இருக்கலாம். ராணுவத் திட்டத்தின் பரிசீலனைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம், சில நோய்களுக்குக் குடும்பத்தாரும் போகலாம். விஞ்ஞானப் பட்டம் வேண்டாம். நோயாளிகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பு உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் அனுபவத்தைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சி அவர்களே தருவார்கள். வாசலுக்கு இடது பக்கம், செருப்பு விடும் இடத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் நம் பகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கு ஒரு கடிதமும் இருக்கிறது. ஸ்டடி செக்‌ஷனில் நோயாளிக்கு நாற்காலி கேட்கும் கடிதம். படித்துப் பார்த்துச் சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். விண்ணப்பம் எழுதத் தயங்குபவர்கள் என்னிடம் வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். பந்தி ஒரு மணிக்கு ஆரம்பம் என்கிறார்கள், அதற்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். வணக்கம்.