திண்ணை யாருக்கு? காவிரிப் படுகையில் முதியோர் இல்லம் கட்டுவது குறித்து

அவைத் தலைவர் அவர்களே, பொறியாளர் நண்பர்களே, அறக்கட்டளைப் பொறுப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரை விட்டுப் போக மனமில்லாத பெற்றோருக்காகக் கும்பகோணத்தைச் சுற்றி முதியோர் இல்லங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. விளம்பரத் தாளில் மரத்தூண், குத்துவிளக்கு, முகப்புத் திண்ணை எல்லாம் இருக்கும். உள்ளே போனால் விடுதியைப் போல நீண்ட நடையும் இருபுறமும் வரிசைக் கதவுகளும்தான். முகப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியையேனும், குடியேறப் போகிறவர் விடிந்ததும் எங்கே போய் உட்காருவார், எப்படிக் குளிப்பார், யாரோடு பேசுவார் என்பதில் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமை அடுத்த வேஸ்ப் என்ற ஊரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேக் குடியிருப்பைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறதிநோய் முற்றியவர்கள் அங்கே வீட்டுக்கு ஆறேழு பேராக வாழ்கிறார்கள். வளாகத்துக்குள்ளேயே தெருவும் மளிகைக் கடையும் உண்டு. தொடக்கத்தில் வீடுகளை ஏழு வகை வாழ்க்கைமுறைகளாகப் பிரித்திருந்தார்கள். டச்சு ஆட்சிக்கால இந்தோனேசியாவோடு தொடர்புடையவர்களுக்குக்கூட அவர்கள் சமையலோடு தனி வீடு இருந்தது. பின்னர் அந்த ஏழு வகைகளை நான்காகக் குறைத்தார்கள். இந்தப் பிரிவினையை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் எதில் போய் முடியும் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிறு குழுவாக வாழ்வதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அது நமக்கு அவசரத் தேவையும்கூட. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும், குறைந்தது 150 பேர் தங்கும்படி அமைக்க மாநில அரசுக்கு வழி செய்கிறது. 150 கட்டில்களை வரிசையாகப் போட்டால் அது மருத்துவமனை வார்டாகிவிடும். ஜப்பானில் 2000களின் தொடக்கத்திலிருந்து, தனித்தனி அறைகளும் பத்துப் பேருக்கு ஒரு பொதுக்கூடமுமாகக் கட்டுவதை ஊக்குவித்து வருகிறார்கள். நம்மிடம் அதற்குப் பொருந்தும் வடிவம் கைவசமே இருக்கிறது: ஒரு முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதையொட்டிப் பத்து அறைகள். சாரல் அடித்தால் தாழ்வாரம் வழுக்கும் என்பதால், அங்கே மட்டுமாவது பளபளக்கும் கிரானைட்டை விட்டுவிட்டுச் சொரசொரப்பான கல் பதியுங்கள்.

இனி நம் மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும் என்பதால், தெருமட்டத்துக்கு மேல் மூன்றடி உயர்த்தித் தரை போடுகிறோம். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளமோ ஓர் அடி ஏற 12 அடி நீளம் கேட்கிறது. மூன்றடிக்கு 36 அடி, இடையில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் சேர்த்தால் 40 அடியைத் தாண்டிவிடும். மனையின் முகப்பே அவ்வளவுதான் என்றால், ஒப்பந்தக்காரர் பத்தடியில் முடித்துவிட்டு விதியை நிறைவேற்றியதாகச் சொல்லுவார். அந்தச் சரிவில் நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இறக்கும்போது கடவுள்தான் துணை. சாய்தளத்தைப் பக்கச் சுவரோடு வளைத்து, மேலே கூரை வேய்ந்து, கைப்பிடியும் நடுச் சமதளத்தில் ஒரு பெஞ்சும் போட்டால், மழைக்காலத்தில் மாலை நடைக்கு அதுவே பாதையாகும்.

குளியலறைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மணையில் உட்கார்ந்து வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டவர்களுக்கு, உட்கார்ந்து குளிக்க ஒரு திட்டும் பக்கத்தில் வாளிக்கு மேடையும் கட்டுங்கள். நாகூரிலோ கூத்தாநல்லூரிலோ கட்டுவதானால், தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளூவை உட்கார்ந்தபடியே செய்யும் இடத்தையும் வரைபடத்திலேயே காட்டிவிட வேண்டும்.

திண்ணைக்கு வருகிறேன். அக்கிரகாரத்து வீட்டையும் மிராசுதார் வீட்டையும் பார்த்துவிட்டு, அதுவே டெல்டாவின் மரபு என்கிறோம். அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பேசிக்கொண்டது கொல்லைப்புறத்திலும் துவைகல்லடியிலும் படித்துறையிலும். நாற்று நட்டுக் கூலி வாங்கிய அம்மாள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்? அவருக்குச் சமையற்கட்டை ஒட்டி நிழலான ஓர் இடம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே நாலு பேரோடு பேசும்படி வேண்டும். ஜூன் 12 நெருங்கினாலே மேட்டூர் திறந்தாயிற்றா என்று கேட்கும் பெரியவருக்கு, கட்டிலில் படுத்தபடியே வாய்க்காலும் வயலும் தெரிய வேண்டும். அதற்கு ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும். வழக்கமான மூன்றடியில் வைத்தால் அவருக்கு வானமும் மின்விசிறியும்தான் தெரியும்.

திண்ணை இருந்தாலும் எதிரே மனிதர் நடமாட்டம் வேண்டாமா? மனை மலிவு என்று புறவழிச்சாலைக்கு அப்பால் கட்டிவிடுகிறோம். சிங்கப்பூரில் 2018ஆம் ஆண்டுக்கான உலகக் கட்டட விருதைப் பெற்ற கம்போங் அட்மிரால்டியில், முதியோருக்கான 104 வீடுகளும் உணவங்காடியும் மருத்துவ நிலையமும் குழந்தைகள் காப்பகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அவ்வளவு செலவு நமக்கு வேண்டாம். அங்கன்வாடிக்கும் ரேஷன் கடைக்கும் பக்கத்தில் மனை தேடினாலே போதும்.

கடைசியாகச் சமையல். சைவத்துக்கும் மீன் குழம்புக்கும் தனித்தனி அடுப்பும் பாத்திரமும் கேட்பது நியாயமே; செய்து கொடுக்கலாம். சாப்பாட்டுக் கூடம் மட்டும் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது கூடம் கேட்டு ஒரு நன்கொடையாளர் நாளை வரக்கூடும். அன்றைக்கு அறக்கட்டளைக்காரர்கள் தயங்கலாம். பொறியாளர்களாகிய நீங்கள் அதற்கு இடம் விடாமல் இன்றைக்கே வரைந்துவிடுங்கள்.